அக்குவாவா, விட்ஸா? யாழ்ப்பாணத்துக்கும் ஏ9 வீதிக்கும் ஹைபிரிட் சரிவருமா?

கோண்டாவில்காரன்
வணக்கம். கனநாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். வீட்டுக்கு கார் எடுக்கப் போகிறோம். புதிதாக இறக்கியதைத் தொட முடியாத விலை, அதனால் இங்கே ஓடின பழைய வாகனம்தான். கண்ணில் பட்டது மூன்று: 2013, 2014 டொயோட்டா அக்குவா, சாதாரண பெற்றோல் விட்ஸ், இல்லாவிட்டால் சுசுகி வேகன் ஆர் ஹைபிரிட். கிழமை நாட்களில் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வர வேண்டும், ஒரு பக்கம் 65 கிலோமீற்றர் அளவில் வரும், ஏ9 தான். சனி ஞாயிறு டவுனுக்குள் ஓட்டம்.

மாமா சொல்கிறார் ஹைபிரிட் பற்றரி போனால் காரையே விற்க வேண்டிவரும் என்று. நண்பன் அக்குவாவைத் தவிர வேறு எதையும் பார்க்காதே என்கிறான். ஏன் என்று கேட்டால் இரண்டு பேரிடமும் விளக்கம் இல்லை. எனக்கு முதலில் விளங்காதது இதுதான்: பெற்றோலில் ஓடுகிற காருக்குள் இன்னொரு மோட்டரையும் பற்றரியையும் ஏற்றினால் பாரம் கூடத்தானே செய்யும்? வெளியே இருந்து சார்ஜ் பண்ணுவதும் இல்லை. எல்லாச் சக்தியும் அதே பெற்றோலில் இருந்துதான் வருகிறதென்றால் மிச்சம் எங்கே இருந்து வருகிறது?

வெள்ளவத்தை ஓட்டம்
தம்பி, நான் கொழும்பில் வாடகைக்கு ஓடுகிறவன். காலி வீதியில் பின்னேரம் ஐந்து மணிக்கு பம்பலப்பிட்டிச் சந்தியில் வந்து நின்று பாருங்கள், விளங்கும். பக்கத்துக் கார்கள் எல்லாம் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கும், என்னுடையது சத்தமில்லாமல் நிற்கும், ஏ.சி. மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். டவுனுக்குள் லீட்டருக்கு 20 கிலோமீற்றருக்குக் குறையாமல் வருகிறது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்துவிட முடியுமா? ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீட்டர் 470 ரூபா. பிறகு பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர், அவ்வளவுதான். அந்த 20 லீட்டரில் நான் 400 கிலோமீற்றர் ஓடினேன், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் நடந்தது, அம்மாவின் கிளினிக்கும் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் பெரிய பெற்றோல் காருக்கு அதே 20 லீட்டர் புதன்கிழமையோடு முடிந்துவிடும். அன்றைக்கு வரிசையில் நின்ற ஆட்களில் எத்தனையோ பேர் அதற்குப் பிறகுதான் ஹைபிரிட்டைத் தேடத் தொடங்கினார்கள். காசு மிச்சம் என்பது ஒரு பக்கம், எரிபொருள் இல்லாத காலத்தில் வீட்டை ஓட்ட முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிது.

வவுனியா கராஜ்
கோண்டாவில்காரன், நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான ஆட்கள் இதைக் கேட்காமலேயே காரை எடுத்துவிட்டு பிறகு என்னிடம் வருகிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

ஓம், எல்லாச் சக்தியும் பெற்றோலில் இருந்துதான் வருகிறது. ஆனால் பெற்றோல் எஞ்சின் எல்லா நேரமும் ஒரே மாதிரி வேலை செய்யாது. அதற்கு ஏற்ற பாரம் கொடுத்தால் பெற்றோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே பலமாக மாற்றும். அதே எஞ்சின் டவுனுக்குள் 25, 30 வேகத்தில் ஊரும்போது அதில் பாதிகூடக் கிடைக்காது. சிக்னலில் நிற்கும்போது எரிகிற பெற்றோல் முழுக்க வீண். அது போக, பிறேக் பிடிக்கும்போது, ஏற்கனவே பெற்றோல் செலவழித்து உண்டாக்கிய வேகத்தை டிஸ்க்கில் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். இந்த மூன்று இடத்திலும்தான் ஹைபிரிட் மிச்சம் பிடிக்கிறது.

டொயோட்டாவின் முறை 1997 டிசம்பரில் ஜப்பானில் முதல் பிரியஸோடு வந்தது. அக்குவாவும் அதே குடும்பம்தான். உள்ளே இரண்டு மின்மோட்டர், ஒரு எஞ்சின். மூன்றையும் ஒரு சின்னப் பல்லுச் சக்கரத் தொகுதி இணைக்கிறது: நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். எஞ்சின் அந்தச் சின்னச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தைச் சுழற்றும். நடுச் சக்கரத்தில் முதல் மோட்டர், பெரும்பாலும் ஜெனறேற்றராக வேலை செய்வது. வெளி வளையம் ரயருக்குப் போகிறது, இரண்டாவது மோட்டரின் பலமும் அந்தப் பக்கத்தில்தான் சேர்கிறது. பிரியஸில் எஞ்சினின் முறுக்கு விசையில் 72 வீதம் நேராக ரயர் பக்கமும் 28 வீதம் ஜெனறேற்றர் பக்கமும் பிரியும். ஜெனறேற்றரை எவ்வளவு வேகமாகச் சுழலவிடுவது என்பதைக் கம்பியூட்டர் மாற்ற மாற்ற, எஞ்சினின் சுற்றும் மாறும். அதனால் கார் என்ன வேகத்தில் போனாலும் எஞ்சினைத் தனக்கு நல்ல இடத்தில் ஓட வைக்கலாம். கிளட்ச் இல்லை, கியர் மாறுவது இல்லை, தனி ஸ்டாட்டர் இல்லை, ஓல்ட்டனேற்றர் இல்லை. இவ்வளவு சின்னச் சாமானால் அத்தனை வேலையையும் செய்கிறார்கள். முதல் தடவை ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்துக் கையால் சுழற்றிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

எஞ்சினும் சாதாரண எஞ்சின் இல்லை. உள்ளெடுக்கும் வால்வு பிந்தித்தான் மூடும், எடுத்த காற்றில் கொஞ்சம் திரும்பிப் போய்விடும். அமுக்கும் தூரம் குறைவு, விரியும் தூரம் நீளம், அதனால் சூட்டில் கூடுதலான பங்கு பலமாக மாறுகிறது. அட்கின்சன் முறை என்பார்கள். இதில் இழுவை குறையும், தனியே விட்டால் இந்த எஞ்சினைச் சாரதிகளுக்குப் பிடிக்காது. ஆனால் மின்மோட்டருக்கு நின்ற இடத்திலேயே நல்ல இழுவை இருப்பதால் அந்தக் குறையை அது நிரப்பிவிடும். நீங்கள் கேட்ட பாரம், அக்குவாவுக்கும் 1000 சி.சி. விட்ஸுக்கும் 100 கிலோ அளவில்தான் வித்தியாசம். ஒரு பெரிய ஆளும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் ஏறின மாதிரித்தான்.

கோண்டாவில்காரன்
அண்ணை, பெரிய நன்றி. இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதை வாசிக்க எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. மிச்சம் எல்லாம் நிற்கும்போதும், ஊரும்போதும், பிறேக் பிடிக்கும்போதும்தான் என்றால், ஆனையிறவு தாண்டி நேராகப் போகிற எனக்கு என்ன மிச்சம்?

வவுனியா கராஜ்
சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள் தம்பி. கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஆட்களோடு 1200 கிலோ வரும் கார் 50 வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் சக்தி சுமார் 116 கிலோயூல். ஒரு லீட்டர் பெற்றோலில் 32,000 கிலோயூல் இருக்கிறது, டவுன் ஓட்டத்தில் அதில் கால்வாசி ரயருக்குப் போய்ச்சேர்ந்தால் பெரிய காரியம். அப்படிப் பார்த்தால் 50 இல் இருந்து ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஏறக்குறைய 14 மில்லிலீட்டர் பெற்றோலைப் பிறேக்கில் எரிக்கிறீர்கள். கொழும்பில் ஒரு நாளைக்கு நூறு தடவை நிற்கிறவருக்கு அது ஒன்றரை லீட்டர் கிட்ட வரும், ஹைபிரிட் அதில் பாதியைத் திருப்பி எடுத்தாலும் அவருக்குக் காணும். உங்களுக்கு கோண்டாவிலில் இருந்து கிளிநொச்சி போகும்வரை சந்தி, மாடு, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்தாலும் நிற்கிற இடம் சொற்பம். அங்கே உங்களுக்கு உதவுவது எஞ்சின் நல்ல இடத்தில் ஓடுவது மட்டும்தான். 70 ஐத் தாண்டாமல் ஒரே சீராகப் போனால் விட்ஸும் நல்லாகவே கொடுக்கும்.

வருடம் 12,000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். டவுனில் சாதாரணக் கார் 12, ஹைபிரிட் 20 என்றால் 1000 லீட்டருக்குப் பதில் 600, மிச்சம் 400 லீட்டர். லீட்டர் 300 ரூபா என்று போட்டால் ஒரு இலட்சத்து இருபதினாயிரம். நீளப் பாதையில் 17 க்கு 22 என்றால் மிச்சம் 160 லீட்டர்தான், 48,000 ரூபா. உங்கள் ஓட்டம் 12,000 ஐவிட நல்லாகவே கூட, அதனால் தொகையும் கூடும். ஆனால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் வரும் மிச்சம் கொழும்புக்காரருக்கு வருவதில் பாதிகூட இல்லை. இதை மனதில் வைத்து, இரண்டு காருக்கும் எவ்வளவு விலை வித்தியாசம் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

மட்டுநகர் மைந்தன்
எல்லாரும் பெற்றோல் கணக்குப் போடுகிறீர்கள், பற்றரி கணக்கையும் போடுங்கள். என் காருக்கு முக்கோண எச்சரிக்கை லைட் வந்தது. ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன், பெயர் வேண்டாம். செல் இரண்டு பழுது, அதை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லி ஒரு தொகையை வாங்கினார்கள். நாலைந்து மாதம் ஓடியது. திரும்ப அதே லைட். இந்த முறை வேறு மூன்று செல். திரும்பக் காசு. கடைசியில் முழுப் பற்றரியையும் மாற்றித்தான் முடிந்தது, முதலே செய்திருந்தால் அரைவாசிச் செலவோடு போயிருக்கும். சம்பளக்காரனுக்கு இது சின்ன அடி இல்லை. அதனால் கோண்டாவில்காரனின் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வவுனியா கராஜ்
மைந்தன், உங்களுக்கு நடந்தது எனக்கு உண்மையாகவே கவலை. இந்த வேலை நாடு முழுக்க நடக்கிறது, தொழில் செய்கிற எங்களுக்கு வெட்கம்.

பற்றரியைப் பற்றி விளக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் தலைமுறை பிரியஸில், நீங்கள் செல் என்று சொன்ன துண்டுகள் 28 தொடராக இணைந்து 201.6 வோல்ற். அக்குவாவில் 20 துண்டுகள், 144 வோல்ற். நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை. எல்லாம் ஒன்றாக வயது போன பிறகு ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவிட்டு வேறு எங்கேயோ கழற்றின துண்டைப் போடுவது, வண்டியில் கிழட்டு மாட்டோடு இளம் மாட்டைப் பூட்டுகிற மாதிரி. மற்றவை கொள்ளும் அளவு வேறு, இதன் அளவு வேறு. கம்பியூட்டர் சோடி சோடியாக வோல்ற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும், வித்தியாசம் கூடினால் பி0ஏ80 என்ற குறியைப் போட்டுவிடும். கடைசியில் நீங்கள் செலவழித்த மாதிரித்தான் முடியும்.

ஆனால் எல்லாப் பற்றரியும் இப்படிச் சீக்கிரம் போவதில்லை. கார் அதை முழுதாக நிரப்பவும் விடாது, முழுதாக வடியவும் விடாது, பெரும்பாலும் 40 க்கும் 80 வீதத்துக்கும் இடையில்தான் வைத்திருக்கும். கொல்வது சூடு. பின் சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு காற்று வாங்கும் துவாரம் இருக்கும், அதன் வழியாக ஒரு விசிறி காருக்குள் இருக்கும் குளிர்காற்றை இழுத்துப் பற்றரியைக் குளிராக்கும். எங்கள் ஊர்ப் புழுதியும் சீற்றுப் பஞ்சும் நாய்மயிரும் சேர்ந்து அந்த விசிறியில் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். கழற்றிக் கையில் எடுத்தால் தகடே தெரியாது. அந்தத் துவாரத்தை மறைத்துக்கொண்டு பையை அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வருடம் ஒருதடவை அதைத் துப்பரவாக்கினால் போதும், பற்றரிக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறு இல்லை.

கார் பார்க்கப் போகும்போது காரின் கம்பியூட்டரை வாசிக்கும் ஓ.பி.டி. ஸ்கானர் கொண்டுபோங்கள், அல்லது வைத்திருக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நின்ற இடத்தில் எல்லாக் காரும் நல்லாகத்தான் காட்டும். ஓட்டிக்கொண்டு, நன்றாக மிதித்து, பிறகு நன்றாகப் பிறேக் பிடித்து, அந்த நேரத்தில் ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் பின்தங்கினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் அல்லது வந்துவிடுங்கள். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டரின் குளிர்தண்ணீர் வேறு போத்தலில் இருக்கும், அதையும் பாருங்கள். பிரியஸ் என்றால் சேசி இலக்கத்தைப் போட்டு ரீகால் வேலை முடிந்ததா என்று பாருங்கள். 2014 பெப்ரவரியில் இன்வேட்டர் மென்பொருளுக்காக மூன்றாம் தலைமுறை பிரியஸ் 19 இலட்சத்தை உலகம் முழுக்கத் திருப்பிக் கூப்பிட்டார்கள்.

இன்னொன்று. செம்மஞ்சள் நிற வயரை ஒருவரும் தொடக்கூடாது. பாதுகாப்பு பிளக்கைக் கழற்றி, மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கப்பாசிற்றர் வடிய நேரம் விட்டு, அதற்குரிய கையுறை போட்டுத்தான் கை வைக்க வேண்டும். இது தெரியாத இடத்தில் காரை விடாதீர்கள், அந்தப் பொடியன்களின் உயிர் அது.

ஹற்றன் மலைக்காற்று
அண்ணே, இங்கே மலைநாட்டுப் பக்கம் ஒரு கேள்வி. எங்க வீட்டு அக்குவாவில் நுவரெலியாவில் இருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது நடுவழியில் எஞ்சின் திடீரென்று இரையத் தொடங்குகிறது. அக்சிலேற்றரில் கால்கூட வைப்பதில்லை. முதல் தடவை கேட்டு நானும் தங்கச்சியும் பயந்தே போனோம். பழுதா?

வவுனியா கராஜ்
பழுது இல்லை தங்கச்சி, பயப்பட வேண்டாம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அக்குவாவின் பற்றரி முழுதாகவே ஒரு கிலோவாட் மணிக்குக் குறைவு, அதிலும் ஒரு பங்குதான் பாவனைக்கு. நாலு பேரோடு 200 மீற்றர் உயரம் இறங்குவதற்குள் அது நிறைந்துவிடும். நிறைந்த பிறகு மின்சாரத்தைப் போட இடமில்லை, அதனால் ஜெனறேற்றரைக் கொண்டு எஞ்சினைச் சும்மா சுழற்றி அந்தச் சக்தியைக் கரைக்கிறது. அப்போது பெற்றோல் எரிவதில்லை. இறக்கம் தொடங்கும்போதே கியரை பி (B, பார்க்கிங் P இல்லை) இல் போடுங்கள், பிறேக் சூடாகாது. மட்டமான ரோட்டுக்கு வந்ததும் திரும்ப டி (D) இல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திருப்பி எடுக்க வேண்டிய சக்தி வீணாகும்.

ஏற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீளமான ஏற்றத்தில் பற்றரி இறங்கியபின் முழுப் பாரத்தையும் 74 குதிரைவலு எஞ்சின்தான் இழுக்கும். ஐந்து பேரும் மூட்டையும் என்றால் திணறும். எப்போதும் நிறைய ஆட்களோடு மலை ஏறுகிறவருக்கு 1800 சி.சி. பிரியஸ் எவ்வளவோ மேல்.

ஹற்றன் மலைக்காற்று
மனசு நிம்மதியாச்சு அண்ணே. அப்பாவிடமும் சொல்லிவிடுகிறேன், அவர் காரை விற்கிற யோசனையில் இருந்தார்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை
லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே மினிகேப் ஓடுகிற எங்கட ஆட்களில் எத்தனையோ பேர் பிரியஸ்தான். நகர நடுவுக்குள் காரைக் கொண்டுபோகக் கட்டுகிற நெரிசல் கட்டணம் வந்த காலத்தில் பிரியஸுக்கு அது இல்லை, அதற்காகவே எடுத்தவர்கள் உண்டு. 2013 இல் எல்லையைக் கிலோமீற்றருக்கு 75 கிராம் கரியமிலவாயு என்று இறுக்கினபோது அந்தச் சலுகை போனது. சலுகை போனாலும் ஆட்கள் காரை விடவில்லை, ஏனென்றால் நாள் முழுக்க டவுனுக்குள் நின்று நின்று போகிற தொழிலுக்கு அதைவிடத் தோதானது கிடைக்கவில்லை. பிறேக் பாட் போட்டால் போட்டதுதான், வருடக்கணக்கில் இருக்கும்.

இங்கே தலையிடி வேறு. குளிர்காலத்தில் ஹீற்றருக்குச் சூடு வேண்டும் என்று எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், மைலேஜ் விழும். பிறகு புகைக்குழாயில் நச்சுப்புகையைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் திருட்டு. ஹைபிரிட்டில் எஞ்சின் குறைவாக ஓடுவதால் அதற்குள் இருக்கும் விலைகூடின உலோகம் குறைவாகவே கெடும், கள்ளருக்கு அது தெரியும். என் சிநேகிதன் ஒருவன் காலையில் ஸ்டாட் பண்ண, லொறி மாதிரிச் சத்தம் போட்டது. கீழே குனிந்து பார்த்தால் குழாயை வாளால் அறுத்த வெட்டுத்தான் இருந்தது.

சும்மா வந்தவன்
வேகன் ஆரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? அதிலும் ஹைபிரிட் என்றுதானே எழுதியிருக்கிறது.

வவுனியா கராஜ்
எழுதியிருக்கிறது, ஆனால் அது வேறு சாதி. அதில் ஓல்ட்டனேற்றரின் இடத்தில் பெல்ட்டில் பூட்டிய ஒரு சின்ன மோட்டர், ஒரு சின்ன லிதியம் பற்றரி. எஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்டாட் பண்ணும், எழும்பும்போது கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும், பிறேக்கில் கொஞ்சம் திருப்பி எடுக்கும். மின்சாரத்தில் மட்டும் கொண்டு ஓட்டலாம் என்று நினைத்து எடுக்காதீர்கள். ஆனால் 660 சி.சி. எஞ்சினும் பாரம் குறைந்த உடம்பும் இருப்பதால் பெற்றோல் நல்லாகவே மிஞ்சும், பற்றரிச் செலவும் பெரிதாக இராது.

ஹொண்டா ஃபிட், வெசல் இரண்டிலும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்குள் ஒரு மோட்டர். ஓட்ட நல்ல உசார், ஆனால் 2013, 2014 இல் ஜப்பானிலேயே மென்பொருளுக்காகப் பல தடவை ரீகால் வந்தது, அதனால் பழையது எடுக்கிறவர் அந்த வேலை முடிந்த சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். நிசான் நோட் ஈ-பவரில் எஞ்சினுக்கும் ரயருக்கும் தொடர்பே இல்லை, எஞ்சின் மின்சாரம் உண்டாக்கும், மோட்டர்தான் ஓட்டும். டவுனுக்கு அது தங்கம். நீளப் பாதையில் எல்லாச் சக்தியும் ஒருதரம் மின்சாரமாக மாறித்தான் வர வேண்டும், அந்த மாற்றத்தில் கொஞ்சம் போகும்.

கோண்டாவில்காரன்
இரவு இருந்து எல்லாவற்றையும் திரும்ப வாசித்தேன். மனைவியோடும் கதைத்தேன். விட்ஸுக்கும் அக்குவாவுக்கும் இங்கே கேட்கிற விலை வித்தியாசத்தையும், எப்போதாவது ஒரு முழுப் பற்றரியின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் என் ஏ9 ஓட்டத்துக்கு அது திரும்பி வரக் கனகாலம் எடுக்கும். அதனால் நல்ல விட்ஸ் ஒன்றைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். நல்லூரில் ஒரு அக்குவா இருக்கிறது, சொந்தக்காரர் பற்றரியைச் சோதிக்கத் தாராளமாக விடுகிறேன் என்கிறார், ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதிக் கொடுத்த ஒக்ஷன் ஷீற்றும் வைத்திருக்கிறார். விலையில் இறங்கினால் சனிக்கிழமை ஸ்கானரோடு போகிறேன். மாமாவுக்கு மைந்தன் அண்ணையின் பதிவையும் கராஜ் அண்ணையின் பதிலையும் சேர்த்தே வாசித்துக் காட்டினேன்.

வெள்ளவத்தை ஓட்டம்
நல்ல முடிவு தம்பி. ஆனால் ஒருநாள் கொழும்புக்கு வேலை மாறினால் விட்ஸை விற்றுப்போட்டு வாருங்கள், அப்போது உங்கள் கணக்கு தலைகீழாகிவிடும்.

சும்மா வந்தவன்
கடைசியாக ஒன்று. நான் மூன்று மாதம் கனடாவுக்கு மகளிடம் போகிறேன், அக்குவாவைக் கொட்டிலில் விட்டுவிட்டுப் போனால் பற்றரி செத்துவிடுமா?

வவுனியா கராஜ்
பெரிய பற்றரி மூன்று மாதத்துக்குத் தாங்கும் அண்ணை, அதைப் பாதியளவு சார்ஜில் விட்டுவிட்டுப் போங்கள். வடியப் போவது பின்னால் இருக்கும் 12 வோல்ற் சின்னப் பற்றரி. அது செத்தால் கம்பியூட்டர் எழும்பாது, ஓடத் தயார் என்று காட்டும் ரெடி லைட் வராது, பெரிய பற்றரியில் எவ்வளவு இருந்தாலும் கார் அசையாது. ஒன்றில் அதன் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் வீட்டில் ஒருவரிடம் சொல்லி இரண்டு கிழமைக்கு ஒருதரம் ரெடியில் போட்டு ஒரு மணித்தியாலம் விடச் சொல்லுங்கள். வெறுமனே சுவிச்சைப் போட்டு ரேடியோ கேட்டால் சார்ஜ் ஏறாது, ரெடி லைட் எரிய வேண்டும். வயரைக் கழற்றினால் பின் கதவு மின்சாரத்தில் திறக்காது, ஆகவே கழற்றுவதற்கு முன்னமே அதை உள்ளே இருந்து எப்படித் திறப்பதென்று ஒருதரம் பழகிப் பாருங்கள்.